டிஸ்ஸோ துணியைத்தான் வரைஞ்சாரா? (வாட்ச் கம்பெனி இல்ல, ஓவியர்)

#1 வண்ணக்கிறுக்கன்

ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கற கேள்வி. இங்க ஓவியம் பாக்கறவங்க நாலு பேராவது இருக்கீங்கங்கற தைரியத்துல போடறேன்.

ஜேம்ஸ் டிஸ்ஸோ. விக்டோரியா ராணி காலத்து லண்டன் பணக்காரங்க, அவங்க பார்ட்டி, கப்பல்ல நடக்கற டான்ஸ், தேம்ஸ்ல படகு சவாரி, தோட்டத்துல டீ, இதையெல்லாம் வரைஞ்ச ஃபிரெஞ்சுக்காரர். ரெண்டு வருஷமா என் போன் வால்பேப்பரே இவரோட 'ஹெச்.எம்.எஸ். கல்கத்தா' படம்தான். கப்பலோட பின்பக்க பால்கனி, ஒரு ஆபீஸர், ரெண்டு பொண்ணுங்க, அதுல ஒருத்தி நமக்கு முதுகு காட்டிட்டு விசிறியோட நிக்கறா, வெள்ளை மஸ்லின் கவுன், அதுல மஞ்சள் ரிப்பன் முடிச்சு முடிச்சா. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கும் எனக்கு.

போன வாரம் தங்கச்சி போனை வாங்கிப் பாத்துட்டு "என்னடா துணிக்கடை காலண்டரை வச்சிருக்க"ன்னுட்டா. சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஆனா ராத்திரி படுத்தா அதே ஓடுது. நான் ரசிச்சது படத்தையா, கவுனையா? இவர் நல்ல ஓவியரா, இல்ல துணியை நல்லா வரையத் தெரிஞ்ச ஆளா? உங்க அபிப்ராயம் சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல.

#2 அரைடிக்கெட்

தலைப்புல "வாட்ச் கம்பெனி இல்ல"ன்னு போட்டதுக்கு நன்றி தலைவரே. நான் ஆஃபர் ஏதாச்சும் இருக்குன்னு நெனச்சுதான் உள்ள வந்தேன். வந்துட்டேன், சரி, ஓரமா உக்காந்துக்கறேன்.

#3 பழையதாள்

வாட்ச் கம்பெனி சுவிட்சர்லாந்து, அந்தக் குடும்பம் வேற. இவர் 1836ல ஃபிரான்ஸ்ல நாந்த் ஊர்ல பொறந்தவர். பேரு ஜாக் ஜோசஃப், இளவயசுலயே இங்கிலீஷ் மோகத்துல ஜேம்ஸ்னு மாத்திக்கிட்டார்.

உங்க கேள்விக்குப் பாதி பதில் அவர் வீட்டுலயே இருக்கு. அப்பா ஜவுளி வியாபாரி, நல்லா சம்பாதிச்சவர். அம்மா தொப்பி டிசைன் பண்ணி அதே வியாபாரத்துல கூட நின்னவங்க. நாந்த் துறைமுக ஊர். அதனால கொடிக்கம்பம், கயிறு, பாய்மரம் எல்லாம் இந்த ஆள் கைல அவ்ளோ சரியா வந்து நிக்கும். துணியும் கப்பலும், சின்ன வயசுல கண்ணு முன்னாடி இருந்த ரெண்டும்தான் கடைசி வரைக்கும் கூட வந்துச்சு.

1856 வாக்குல பாரிஸ் போய் எக்கோல் தெ போசார்ங்கற ஓவியக் கல்லூரில சேந்தார். தெகா, மானே, விஸ்லர்னு பின்னாடி பெரிய பேரெடுத்த ஓவியருங்க எல்லாரும் கூட்டாளிங்க. தெகா இவரை உக்கார வச்சுப் பெரிய போர்ட்ரெய்ட் ஒண்ணு வரைஞ்சிருக்கார், இப்ப நியூயார்க் மெட் மியூசியத்துல இருக்கு. ஜப்பான் சாமான் பைத்தியம் வேற. 1864ல ரோசெட்டிங்கற இங்கிலீஷ் ஓவியர் லண்டன்லேர்ந்து பாரிஸ் போயி ஜப்பான் உடுப்பு வாங்கலாம்னு ஒரு கடைக்குப் போனா, டிஸ்ஸோங்கற ஃபிரெஞ்சு ஓவியர் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறார்னு கடைக்காரம்மா சொன்னாங்களாம், ரோசெட்டி அம்மாவுக்கு எழுதின லெட்டர்லயே அது இருக்கு. துணின்னா விடமாட்டார் மனுஷன்.

#4 கரித்துண்டு

நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சவன். நேராவே சொல்லிடறேன், உங்க தங்கச்சி சொன்னதுதான் சரி, இது துணிக்கடை கேட்லாக்.

தெகா இவருக்கு 1874ல லெட்டர் போட்டார், நாங்க தனியா ஒரு கண்காட்சி வைக்கறோம், தயங்காத, தப்பிக்கப் பாக்காத, நீ கண்டிப்பா வரணும்னு கெஞ்சாத குறையா. அதுதான் இம்ப்ரெஷனிஸ்ட்டுங்கற, கண்ணுல பட்ட வெளிச்சத்தை அப்படியே வரைஞ்ச புதுக் கோஷ்டியோட முதல் கண்காட்சி. வரலாறு வாசல் கதவைத் தட்டுச்சு, இவர் தொறக்கல. ஏன்னா லண்டன்ல ராயல் அகாடமி கண்காட்சில படம் நல்ல விலைக்குப் போயிட்டு இருந்துச்சு. அந்தக் கோஷ்டில இருந்த மோனேவுக்கு வாடகை குடுக்கக் காசில்லாத காலத்துல இவர் வீட்டுல விசிட்டருக்கு ஐஸ் வச்ச ஷாம்பெயின், தோட்டத்துல பட்டு ஸ்டாக்கிங் போட்ட வேலைக்காரன் செடி இலைக்குப் பாலிஷ் போடறான். இது நான் சொல்லல, கோன்கூர்ங்கற ஃபிரெஞ்சு எழுத்தாளர் டைரில எழுதினது. கொஞ்சம் வயித்தெரிச்சல் கலந்து எழுதியிருப்பார், இருந்தாலும்.

அந்தக் காலத்துப் பெரிய ஓவிய விமர்சகர் ரஸ்கின் 1877ல இவர் படங்கள்ல பெரும்பாலானதைப் பத்தி எழுதினார், நாகரிகமில்லாத பகட்டுச் சமூகத்தோட வெறும் கலர் போட்டோன்னு. பின்னாடி பெரிய எழுத்தாளரான ஆஸ்கார் வைல்டு அப்ப 22 வயசு காலேஜ் பையன், அவனும் அதே வருஷம் எழுதினான், ஓவரா டிரெஸ் பண்ணிக்கிட்ட சாதாரண மூஞ்சிங்க, கண்ணு வலிக்கற அளவுக்கு அச்சு அசலா சோடா பாட்டில்னு. சோடா பாட்டிலை அச்சு அசலா வரையறது திறமைதான், நான் மறுக்கல. கலையான்னு கேட்டா யோசிக்கணும்.

#5 அரைடிக்கெட்

கோலி சோடாவா???

#6 பழையதாள்

@அரைடிக்கெட் சிரிப்பு வருது ஆனா கேள்வி அவ்ளோ தப்பில்ல. கோலி சோடா பாட்டிலே அந்தக் காலத்து லண்டன்காரன் கண்டுபிடிப்புதான், ஹைரம் காட்னு ஒருத்தர், 1872ல பேட்டன்ட் வாங்கினது. வைல்டு திட்டின படம் 'ஹாலிடே', 1876 வாக்குல வரைஞ்சது, லண்டன் டேட் மியூசியத்துல இருக்கு. டிஸ்ஸோ வீட்டுத் தோட்டத்துக் குளம், சுத்தி வளைவா தூண் வரிசை, மேல கஷ்கொட்டை மர இலை பழுத்துத் தொங்குது, புல்லுல விரிப்பு போட்டு டீ. பசங்க தலைல கருப்பு சிவப்பு தங்கக் கலர்ல கிரிக்கெட் தொப்பி, ஐ ஸிங்காரி கிளப்போடது. லார்ட்ஸ் மைதானம் அங்கேர்ந்து நடக்கற தூரம்தான்.

#7 நாடாபெட்டி

நான் படம் பத்திப் படிச்சவ இல்லைங்க. பதினாறு வருசமா ப்ளவுஸும் கவுனும் தெக்கறவ. துணின்னு பேச்சு வந்ததால உள்ள வந்தேன். நேத்து ராத்திரி பூரா இந்த மனுசன் படமா ஜூம் பண்ணிப் பாத்துட்டு இருந்தேன், காலைல தோசைக்கு மாவு எடுத்து வெளிய வைக்கவே மறந்து போச்சுங்க.

மொதல்ல அந்த கல்கத்தா கவுன். மஸ்லின்னா அடில இருக்கறது லேசாத் தெரியணும், அதான் அதோட அழகே. தோள்பட்டைகிட்ட துணி வழியா தோல் கலர் தெரியுது பாருங்க, இடுப்புக்குக் கீழ உள்பாவாடை இருக்கறதால அங்க வெறும் வெள்ளை. இத மனசுல வச்சு வரைய முடியாதுங்க, துணிய எதுக்க வச்சுக்கிட்டுதான் வரையணும். ஃப்ரில்லு வரிசை வரிசையா போகுதே, ஒவ்வொண்ணும் கத்தி மடிப்பு, எல்லாம் ஒரே அளவு. கைல அந்த அளவுக்கு மடிச்சா கண்ணு போயிரும். தையல் மெஷின் வந்து வீட்டுக்கு வீடு பரவின காலம் அது, மெஷின் இருக்குதுன்னதும் எத்தன கெஜம் ஃப்ரில்லு வேணும்னாலும் வச்சுக்கலாம்னு ஆயிருச்சு. புதுசா காசு வந்தவங்க வச்சுத் தள்ளியிருக்காங்க. நம்ம ஊர்ல ஆரி வேலை வந்த புதுசுல நடந்த கூத்து ஞாபகம் வருதுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்லைங்க. நேத்து ராத்திரி ஒண்ணு கண்ணுல பட்டுது. இந்த மஞ்சள் ரிப்பன் வச்ச வெள்ளை கவுனு வேற படத்துலயும் வருது. கடற்கரை ஜன்னலோரம் சோபால ஒரு பொண்ணு உக்காந்திருக்குமே, 'ஜூலை'ன்னு போட்டிருந்துச்சு, அதுல. கட்டம் போட்ட சால்வை ஒண்ணு படத்துக்குப் படம் ஆள் மாறி ஆள் மாறி சுத்துது. கப்பல் டான்ஸ் படம் ஒண்ணு இருக்குதே, கொடியெல்லாம் தொங்கும், அதுல பாத்தா ஒரே படத்துக்குள்ளயே ஒரே மாதிரி கவுனு ஜோடி ஜோடியா நிக்குது!

ஃபேஷன் காட்டற ஆளுன்னா ஒவ்வொரு படத்துக்கும் புது டிரெஸ் போடுவானா இல்லியா? கேட்லாக்ல ஒரே சேலைய ஆறு பக்கத்துக்குப் போட்டா கடைக்காரன் சும்மா விடுவானா? இந்தாளுகிட்ட ஒரு பெட்டி நெறைய கவுனு இருந்திருக்குதுங்க, நாடக கம்பெனி பெட்டி மாதிரி. வர்ற பொண்ணுக்கெல்லாம் அதுலேர்ந்து எடுத்து மாட்டி விட்டு வரைஞ்சிருக்காரு.

#8 வண்ணக்கிறுக்கன்

அக்கா!!! ரெண்டு வருஷம் வால்பேப்பரா வச்சிருந்தும் எனக்கு இது தோணல.

#9 பழையதாள்

நாடாபெட்டி அக்கா சொன்னது சரி. ஸ்டுடியோவுல உடுப்பு சேத்து வச்சு மாத்தி மாத்தி உபயோகிச்சார்னு அவரைப் பத்தி எழுதினவங்களும் சொல்றாங்க.

இத இன்னொண்ணோட சேத்துப் பாருங்க. அந்தக் கப்பல் டான்ஸ் படம், 'தி பால் ஆன் ஷிப்போர்டு', 1874ல ராயல் அகாடமில வச்சப்போ அதெனியம் பத்திரிகைல ஒரு விமர்சகர் எழுதினார், இருபது பொம்பளைங்க இருக்காங்க, அதுல ஒருத்தி கூட சீமாட்டி இல்லன்னு. மொதல்ல படிச்சப்போ அத வயித்தெரிச்சல்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். இப்ப அக்கா சொன்னதோட பாத்தா அந்த ஆளுக்கு நெஜமாவே மூக்குல ஏதோ பட்டிருக்கு. அது சீமாட்டிங்க இல்ல, சீமாட்டி உடுப்பு மாட்டின மாடல் பொண்ணுங்க.

#10 கரித்துண்டு

அப்ப என் கட்சிக்குத்தான் இது பலம். நாடகப் பெட்டி, மாடல், மேக்கப். போலின்னு நிரூபிச்சிட்டீங்க, நன்றி 🙂

அக்காவோட கண்ணுக்கு மட்டும் ஒரு சல்யூட். எங்க காலேஜ்ல நாலு வருஷத்துல ஒரு சார் கூட துணிய இப்படிச் சொல்லித் தந்ததில்ல.

#11 தேம்ஸ்கரையான்

வணக்கம், நான் லண்டனிலதான் இருக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இருபது வருசம். இந்த மனுசன்ர படங்கள் கனக்க இஞ்சதான் கிடக்கு, அதால ரெண்டு கதை சொல்லுறன்.

கில்ட்ஹோல் கலரியில 'டூ ஏர்லி' எண்டொரு படம், 1873. நேரில போய்ப் பாத்தனான். பார்ட்டிக்கு வெள்ளண வந்துட்டினம் ஒரு குடும்பம், பெரிய ஹோல், ஒருத்தரும் இல்லை, நடுவில நிண்டு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. வீட்டுக்காரி இன்னும் பாட்டுக்காரரோட கதைச்சுக்கொண்டு நிக்கிறா. கதவு இடுக்கால வேலைக்காரப் பிள்ளையள் எட்டிப் பாத்துச் சிரிக்குதுகள். உடுப்பெல்லாம் அந்த மாதிரி, ஆனா போட்டிருக்கிற ஆக்களுக்குக் கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல. நான் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு சிரிச்சனான், பக்கத்தில நிண்ட வெள்ளைக்கார அம்மாவும் சிரிச்சவ.

'ஹஷ்' எண்டு இன்னொண்டு, 1875, மான்செஸ்டரில இருக்கு. ஒரு பொம்பிளை வயலின் வாசிக்க வெளிக்கிடுறா, சனம் பொங்கி வழியுது, ஒருத்தரும் கேக்கிற மாதிரி இல்லை, எல்லாரும் ஆளை ஆள் பாக்கினம். அந்தச் சனத்துக்குள்ள தலைப்பாகை கட்டின இந்தியர்களும் இருக்கினம். தம்பி கரித்துண்டு, இது கேட்லாக் எண்டால் ஏன் இப்பிடி ஆக்களைக் கோமாளி ஆக்கிறார்? கேட்லாக்கில ஒருத்தரும் சங்கடப்படுறேல்ல.

#12 வண்ணக்கிறுக்கன்

தேம்ஸ் அண்ணா, இதுதான் எனக்கு வாய்ல வராம இருந்த பாயின்ட். இவர் படத்துல எல்லாரும் எதுக்கோ காத்துட்டே இருப்பாங்க. படகுக்கு, பாட்டுக்கு, கப்பல் கிளம்பறதுக்கு, பக்கத்துல நிக்கற ஆள் வாயத் தொறந்து ஏதாவது சொல்றதுக்கு. உடுத்தி முடிச்சாச்சு, அடுத்து என்னன்னு தெரியல.

#13 பழையதாள்

இங்க ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அவர் லண்டனுக்கு ஏன் வந்தார்ங்கறது. 1870ல பிரஷ்யாகூட சண்டை, பாரிஸை முற்றுகை போட்டாங்க, இவர் துப்பாக்கி எடுத்து ஊரைக் காவல் காத்தவர். அடிபட்ட சிப்பாய் ஒருத்தனை வாட்டர்கலர்ல வரைஞ்சிருக்கார், அதுல ரிப்பனும் இல்ல ஃப்ரில்லும் இல்ல, அந்தப் பையன் மூஞ்சிய ஒருதடவை பாத்துட்டு வாங்க. அப்புறம் 1871ல பாரிஸ் கம்யூன், ஊர் ஜனங்களே எழுந்து பாரிஸ் ஆட்சியப் புடிச்சது, அத அரசாங்கம் நசுக்கினது, சுவத்துல நிக்க வச்சு சுட்டது. அந்த மரணதண்டனையையும் வரைஞ்சிருக்கார், ஆளுங்க மேலேர்ந்து விழற மாதிரி. அதுக்கப்புறம்தான் லண்டன். பாக்கெட்டுல 100 ஃபிராங்க்கோட வந்து எறங்கினார்னு ஒரு பேச்சு உண்டு, பேச்சுதான். ஆனா மொதல்ல கை குடுத்தது 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை, ஏற்கனவே 1869லேர்ந்து அதுக்குக் கேலிச்சித்திரம் போட்டுட்டு இருந்தவர்.

இதைக் கவனிங்க கரித்துண்டு. கேலிச்சித்திரக்காரர். பெரிய மனுஷங்களைப் பாத்தா எங்க சிரிப்பு வரும்னு தெரிஞ்ச ஆளு. ரெண்டே வருஷத்துல, 1873லயே, செயின்ட் ஜான்ஸ் வுட்ல வீடு வாங்கற அளவுக்கு வந்துட்டார். பொணம் விழறதப் பாத்துட்டு வந்த மனுஷன் மூணு வருஷம் கழிச்சு டான்ஸ் பார்ட்டி வரையறார்னா அது பணத்தாசை மட்டும்தானா, எனக்கு அப்படித் தோணல.

#14 தேம்ஸ்கரையான்

அந்த வீடு குரோவ் எண்ட் ரோட்டில. பிறகு அல்மா டாடிமா எண்ட ஓவியர் வாங்கி இடிச்சுக் கட்டி மாத்திப் போட்டார். அந்த பீட்டில்ஸ் பாட்டுக் குழு போட்டோவுக்கு நடந்த ஸீப்ரா கிராசிங்கில ஏறி இறங்கினா அந்த ரோட்டுக்கு வந்திடலாம். சனம் எல்லாம் கிராசிங்கில நிண்டு போட்டோ எடுக்குது, இந்தப் பக்கம் ஒரு குருவி இல்லை.

#15 கரித்துண்டு

@பழையதாள் கேலின்னு ஒத்துக்கறேன், கேலி செய்யறவன் அவங்க பணத்துலயே ஷாம்பெயின் குடிக்கறதும் நடக்கும். சரி, தைரியசாலியா இருந்தா விஸ்லர் விஷயத்துல என்ன பண்ணார்? ரஸ்கின் அதே 1877ல அதே கட்டுரைல விஸ்லரை, ஒரு டப்பா பெயின்டை ஜனங்க மூஞ்சில வீசினார்னு எழுதினார். விஸ்லர் கேஸ் போட்டார், 1878ல கோர்ட்டுக்கு வந்துச்சு. பழைய கூட்டாளி டிஸ்ஸோவை சாட்சி சொல்ல வாங்கன்னு கூப்பிட்டார். மாட்டேன்னுட்டார். இத்தனைக்கும் ரஸ்கின் இவரையும்தான் திட்டியிருந்தார். விஸ்லர் கேஸ்ல ஜெயிச்சு ஒரு ஃபார்திங், அதாவது வெறும் கால் பென்னி, நஷ்டஈடு வாங்கி, செலவுல திவாலானார். அந்த சிநேகம் அதோட முடிஞ்சுது. தெகாவை விட்டார், விஸ்லரை விட்டார்.

#16 வண்ணக்கிறுக்கன்

அது தப்புதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா சிநேகிதனைக் கைவிட்டா படம் மோசமாயிடுமா ப்ரோ?

ஒரே ஒரு படம் பாருங்க, 'லண்டன் விசிட்டர்ஸ்', 1874. நேஷனல் கேலரி வாசல் தூண்கள், பின்னாடி செயின்ட் மார்ட்டின் சர்ச். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் நிக்கறாங்க, அவர் கைடு புக்க பாத்துட்டு இருக்கார். நீளக் கோட்டு போட்ட ஸ்கூல் பையன். வானம், கல்லு, துணி, எல்லாம் சாம்பல் கலர், ஒரு ரிப்பன் கிடையாது. அந்தம்மா நேரா நம்மளப் பாக்கறாங்க. இப்ப படிக்கட்டுல கீழ பாருங்க, புகையற சுருட்டு ஒண்ணு கெடக்கு. படத்துல யாரும் சுருட்டு புடிக்கல. அப்ப யாரோடது அது?

நம்மளோடது. படத்துக்கு இந்தப்பக்கம் நிக்கற ஆம்பள, பொண்ணைப் பாத்துட்டு சுருட்டை வீசிட்டான். அவ பாக்கறது அவனை. நான் இத மொதமொதல்ல புரிஞ்சுக்கிட்டப்போ போனை கீழ வச்சுட்டேன், யாரோ கையும் களவுமா புடிச்ச மாதிரி இருந்துச்சு.

#17 கரித்துண்டு

சுருட்டு நல்லாருக்கு. இது எனக்குத் தெரியாது. யோசிக்கறேன்.

#18 நாடாபெட்டி

ஒரு சந்தேகமுங்க. 1876க்கு அப்புறம் வர்ற படம் பூரா ஒரே பொண்ணுதான் தெரியுது. மெலிஞ்ச மொகம், செவந்த முடி. கேப்பு வச்ச ஒரு பெரிய கோட்டு போட்டுக்கிட்டு வருது. யாருங்க அது? கடைசி கடைசிப் படத்துல கன்னம் ஒட்டிப் போயி, பிரம்பு நாற்காலில போர்த்திக்கிட்டுப் படுத்திருக்குதே. பாத்தா மனசு என்னமோ பண்ணுது.

#19 தேம்ஸ்கரையான்

அக்கா, அது கேத்லீன் நியூட்டன். தகப்பன் கிழக்கிந்தியக் கம்பனியில இருந்த ஐரிஷ்காரர், பிள்ளை 1854ல பிறந்து இந்தியாவிலதான் வளந்தது. பிறகு இங்கிலாந்தில கொன்வென்ற் படிப்பு. பதினாறு பதினேழு வயசில இந்தியாவில டொக்டரா இருந்த ஐசக் நியூட்டனுக்குக் கலியாணம் பேசிக் கப்பல் ஏத்தினவை. (ஓம், அதே பேர்தான். சிரிக்க வேண்டாம் அரைடிக்கெட்.) கப்பலில பலிசர் எண்ட ஒரு கப்டன் பின்னால திரிஞ்சிருக்கிறார். கலியாணம் முடிஞ்ச கையோட பிள்ளை புருசனுக்கு உண்மையைச் சொல்லிப் போட்டுது. அவர் விவாகரத்துக்குப் போட்டிட்டார். 1871 கடைசியில அவவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, 1876ல ஒரு பெடியன். தமக்கையின்ர வீடு டிஸ்ஸோவின்ர வீட்டுக்குக் கிட்ட, அப்பிடித்தான் பழக்கம் வந்தது.

ரெண்டு பேரும் கத்தோலிக்கர். விவாகரத்தான பொம்பிளையைக் கோயிலில கட்டேலாது. கட்டாமலே ஒரு வீட்டில இருந்தவை. ஷாம்பெயின் குடிக்க வந்த பெரிய மனுசர் தங்கட மனுசிமாரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வர மாட்டினம், அதுதான் அந்தக் காலம். அதால பார்ட்டிப் படங்கள் குறைஞ்சுது. பிறகு வாறதெல்லாம் தோட்டம், பிள்ளையள், படகு, பிரம்புக் கதிரை.

1882 நவம்பரில காசநோயால செத்துப் போனா, 28 வயசு. நாலு நாள் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தாராம். ஒரு கிழமைக்குள்ள வீட்டை அப்பிடியே விட்டுட்டுப் பாரிசுக்குப் போயிட்டார். அவவின்ர பேரே கனகாலம் வெளியில தெரியாது, மர்மப் பொம்பிளை எண்டுதான் எழுதினவை. 1946லதான் அவவின்ர பெறாமகள் ஒருத்தி, வயசு போன காலத்தில, இதெல்லாம் எங்கட சின்னம்மாதான் எண்டு சொன்னவ.

#20 அரைடிக்கெட்

சிரிக்கல அண்ணா. சிரிப்பு வரல.

#21 பழையதாள்

இதுல இன்னொரு இந்தியா முடிச்சு. வண்ணக்கிறுக்கனோட வால்பேப்பர் கப்பல் ஹெச்.எம்.எஸ். கல்கத்தா பம்பாய் கப்பல் கட்டற தளத்துல கட்டினது, தேக்கு மரம், 1831ல தண்ணில எறக்கினாங்க. டிஸ்ஸோ வரைஞ்சப்போ அது போர்ட்ஸ்மவுத்ல பீரங்கிப் பயிற்சிக் கப்பலா நின்னுட்டு இருந்த கிழட்டுக் கப்பல். கல்கத்தாங்கற பேரை ஃபிரெஞ்சுக் காதுல கேட்டா முதுகு காட்டி நிக்கற அந்தப் பொண்ணோட பின்னழகைப் பத்தி ஒரு கெட்ட ஜோக் வரும்னும் சொல்றாங்க. இங்க எழுத வேண்டாம், அட்மின் தூக்கிடுவார்.

#22 கரித்துண்டு

கேத்லீன் கதை எனக்கும் தெரியும், வருத்தம்தான். ஆனா ஒரு எச்சரிக்கை, கதை சோகமா இருந்தா படம் ஆழமாயிடாது. செத்துப்போன பொண்ணு, இருமல், அழகு, இந்தக் கூட்டணிய வச்சு எந்த ஓவியரையும் வித்துடலாம். அவர் அதுக்கப்புறம் பண்ணதப் பாருங்க. 1885ல லண்டன் போயி எக்லின்டன்ங்கற ஆவி பேசற ஆள்கிட்ட உக்காந்து, கேத்லீன் ஆவி வந்துச்சுன்னு நம்பி, கைல வெளிச்சத்தோட வெள்ளைத் துணி போத்தி நிக்கற மாதிரி படமே போட்டார். அந்த எக்லின்டன் மோசடிக்காரன்னு ஊருக்கே தெரியும்.

#23 நாடாபெட்டி

தெரிஞ்சாலும் போவாங்க சாமி. எங்க மாமியா செத்தப்போ எங்க மாமனாரு போன எடத்தயெல்லாம் கேட்டீங்கன்னா.

#24 ஞாயிறுமணி

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நான் சண்டே ஸ்கூல் எடுக்கறேன், ஸ்லைடுக்குப் படம் தேடும்போதுதான் இவர் பேரே தெரியும், இவர் பார்ட்டி படம் வரைஞ்சவர்னு இந்த இழைலதான் தெரிஞ்சுக்கிட்டேன், ஷாக்கா இருக்கு.

பாரிஸ் திரும்பினப்புறம் 1885ல, பாரிஸ் பொண்ணுங்க சீரிஸ் ஒண்ணுக்காக செயின்ட் சல்பிஸ் சர்ச்சுக்குப் போனவருக்கு அங்க ஒரு தரிசனம் கெடச்சதா சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் பாலஸ்தீனத்துக்கே போயிட்டார், 1886ல ஒரு தடவை, 1889ல ஒரு தடவை. இயேசுவோட வாழ்க்கை 350 வாட்டர்கலர். 1894ல பாரிஸ்ல வச்சப்போ ஜனங்க அழுதாங்க, மண்டி போட்டே படம் படமா நகந்து போனாங்கன்னு சொல்வாங்க. 1900ல புரூக்ளின் மியூசியம் பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணி 60,000 டாலருக்கு மொத்தத்தையும் வாங்குச்சு. உயிரோட இருந்தப்ப அவருக்குப் பெரிய பேரு வாங்கிக் குடுத்தது கவுன் இல்ல, இதுதான்.

#25 பழையதாள்

அங்க போயும் என்ன பண்ணார்னு பாத்தீங்களா? பாலஸ்தீனத்துல இயேசு காலத்துலேர்ந்து ஒண்ணும் மாறலன்னு நம்பி, அங்க இருக்கறவங்க தலைத்துணி, அங்கி, கச்சை, செருப்பு எல்லாத்தையும் உக்காந்து குறிப்பு எடுத்திருக்கார். ஜவுளிக்கடைப் பையன் ஜவுளிக்கடைப் பையன்தான்.

#26 கரித்துண்டு

@ஞாயிறுமணி நீங்க சொன்னதும் போய் அந்த 350ல கொஞ்சம் பாத்தேன். பாதி எனக்குப் புடிக்கல, பள்ளிக்கூட சார்ட் மாதிரி இருக்கு.

ஆனா ஒண்ணு இருக்கு. சிலுவைலேர்ந்து நம் ஆண்டவர் பாத்ததுன்னு தலைப்பு. சிலுவையே இல்ல படத்துல. மேலேர்ந்து கீழ பாக்கறோம். கீழ கூட்டம், அழற பொம்பளைங்க, சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க, குதிரைல ஆபீஸருங்க, எல்லாரும் அண்ணாந்து நம்மளப் பாக்கறாங்க. படத்தோட அடி விளிம்புல ரெண்டு பாதம் மட்டும் தெரியுது. அந்தப் பாதம் யாரோடதுன்னு புரிஞ்சப்போ எனக்கு வண்ணக்கிறுக்கனோட சுருட்டு ஞாபகம் வந்துச்சு.

அதே வித்தைதான். லண்டன் படத்துல சுருட்டைக் கீழ போட்டு நம்மள அந்த ஆளா ஆக்கிட்டார். இங்க ரெண்டு பாதத்தை வரைஞ்சு நம்மள சிலுவைல ஏத்திட்டார். நடுவுல இருபது வருஷம் இருக்கலாம். உடுப்பு மாறிடுச்சு, நிக்க வைக்கற எடம் மாறல. நான் இவரை எங்கேயும் இப்படிப் படிச்சதில்ல, வகுப்புல ரஸ்கின் வரியோட தாண்டிப் போயிட்டோம். கேட்லாக்னு சொன்னத வாபஸ் வாங்கறேன். விஸ்லர் விஷயத்த வாங்க மாட்டேன்.

#27 வண்ணக்கிறுக்கன்

ப்ரோ 🙏 அப்படின்னா மூணாவது ஒண்ணு இருக்கு, இதையும் பாத்துடுங்க. அந்த பாரிஸ் பொண்ணுங்க சீரிஸ்ல 'கடைக்காரப் பொண்ணு', 1883லேர்ந்து 85க்குள்ள வரைஞ்சது, இப்ப டொரன்டோல இருக்கு. ரிப்பன், லேஸ் விக்கற கடை. கருப்பு கவுன் போட்ட பொண்ணு, கைல பார்சல், நமக்காகக் கதவைத் தொறந்து புடிச்சுட்டு நிக்கறா. நாமதான் கஸ்டமர், வாங்கிட்டுக் கிளம்பறோம். கண்ணாடிக்கு வெளில ஒரு ஆம்பள உள்ள இருக்கற இன்னொரு கடைப் பொண்ண முறைச்சுப் பாத்துட்டு இருக்கான், இந்தத் தடவை அவனை நம்ம உள்ளேர்ந்து பாக்கறோம். சீமாட்டி வேஷம் போட்டு நிக்க வைக்காம, கடைல வேலை செய்யறவளையே வரைஞ்சிட்டார்.

அப்பா கடை ஞாபகம் வந்திருக்குமோ என்னமோ.

#28 அரைடிக்கெட்

வாட்ச் ஆஃபருக்கு வந்தவன் மணி ஒண்ணரை ஆகியும் படம் பாத்துட்டு இருக்கேன். யார்கிட்ட போய் சொல்ல.

#29 நாடாபெட்டி

பாத்தேனுங்க அந்தக் கடைப் படத்த. மேஜை மேல ரிப்பனு மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது, ஒண்ணு சரிஞ்சு தரைல விழுந்து சுருண்டு கெடக்குது. பாதை நடுவுல. வர்றவங்க போறவங்க மிதிச்சா அழுக்காயிரும், அப்புறம் அந்த ரிப்பன் காசு அந்தப் புள்ள சம்பளத்துலதான் புடிப்பாங்க. கதவைப் புடிச்சுட்டு நிக்கறா, குனிஞ்சு எடுக்கவும் முடியாது.